எங்களுக்காக அவர்கள் கேட்கும் ஜெபமும் அவர்களுக்கு எதிராக நாம் சொல்லும் ஆமீனும்



கொஞ்சம் நீளமான பதிவு. திட்ட நினைப்பவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள். பாதியில் நிறுத்திப் பின்னூட்டம் போட்டால் பதில் தரமாட்டேன்.

ஒரு கிழமையாக நம்ம ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. விடயம் இவ்வளவுதான். டெங்குக் காய்ச்சலில் வாட்டில் கிடந்த நம்ம பிள்ளை ஒன்றைப் பார்க்க, அந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கும் கிறிஸ்தவ டீச்சர் ஒருவர் போயிருக்கிறார். போனவர் உம்மாவிடம், "ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில பிள்ளைட பெயரைச் சொல்லி எல்லாரும் ஜெபிச்சோம், பயப்படாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையின் தலையில் கை வைக்கவில்லை. புத்தகம் கொடுக்கவில்லை. காசு கொடுக்கவில்லை. கொண்டுபோன தோடம்பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

குரல் பதிவில் இது "மதமாற்றச் சதி" ஆகிவிட்டது. "ஈமானைப் பறிக்கும் கூட்டம் வாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது" என்கிறார் பேசுகிறவர். டீச்சரை இடமாற்றச் சொல்லி வலயக் கல்வி அலுவலகத்துக்கு மகஜர் ஒன்றும் தயாராகிறது. கையெழுத்துக் கேட்டு என்னிடமும் வந்தார்கள். நான் வைக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கிறிஸ்தவர்கள் மற்ற மதத்தவருக்காக ஜெபிப்பது என்ன புதுச் சதியா?

அவர்களுடைய வேதத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் கடிதத்தின் இரண்டாம் அதிகாரம், அரசர்கள் உட்பட எல்லா மனிதருக்காகவும் பிரார்த்திக்கும்படி சொல்கிறது. அது எழுதப்பட்ட காலத்தில் அந்த அரசர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். மத்தேயுவின் ஐந்தாம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், துன்புறுத்துகிறவர்களுக்காகவும் ஜெபிக்கச் சொல்கிறது. கத்தோலிக்கர்களிடம் பெரிய வெள்ளி வழிபாட்டில் பத்து மன்றாட்டுகள் உண்டு. திருச்சபைக்கு, பாப்பரசருக்கு என்று தொடங்கிப் போகும். ஆறாவது யூதர்களுக்கு. ஏழாவது கிறிஸ்துவை விசுவசிக்காத மற்றவர்களுக்கு. எட்டாவது கடவுளையே நம்பாதவர்களுக்கு. நானும் நீங்களும் அந்த ஏழாவதில் இருக்கிறோம். உலகம் முழுக்க, வருடாவருடம், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தமாகச் சொல்கிறார்கள். இதைச் சதி என்று சொல்வதற்கு என்ன இருக்கிறது?

அங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டுப் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. அதன் பெரிய வெள்ளிப் பிரார்த்தனை ஒன்றில் நாம் பெயரோடு இருக்கிறோம், "துருக்கர்" என்று. அக்கால ஆங்கிலத்தில் துருக்கர் என்றால் முஸ்லிம். யூதர், துருக்கர், அவிசுவாசிகள், மதபேதகர் எல்லாரையும் ஒரே வரியில் நிறுத்தி, இவர்கள் மீது இரங்கும் ஆண்டவரே என்று கேட்கிறது. பிரித்தானியர் இங்கே வந்தபோது அந்தப் புத்தகமும் கூடவே வந்தது. துருக்கியைக் கனவிலும் கண்டிராத நம்ம மூத்தவாப்பாமாருக்காகவும் இந்த நாட்டுச் சேர்ச்சுகளில் யாரோ மண்டியிட்டிருக்கிறார்கள். அதனால் நம்ம ஈமான் ஒரு தானியும் குறைந்ததா?

பயத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. போர்த்துக்கேயர் இந்தக் கரைக்கு வந்தபோது ஒரு கையில் சிலுவை, மறு கையில் பீரங்கி. 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை அவர்கள் வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத்தான் அவர்களைக் கிழக்கில் குடியேற்றினான். கிழக்கில் பல ஊர்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அதிகாரம் உள்ளவன் உனக்காக ஜெபிக்கிறேன் என்று சொன்னால் அது மிரட்டலாகக் கேட்கும். உண்மை. ஆனால் இன்று அந்த டீச்சரிடம் என்ன பீரங்கி இருக்கிறது? 2012 குடிசன மதிப்பீட்டில் நாம் 9.7 வீதம். கத்தோலிக்கரும் மற்றக் கிறிஸ்தவர்களும் சேர்ந்து ஏறத்தாழ ஏழரை வீதம். நம்ம ஊரை மட்டும் எடுத்தால் நாம் ஆயிரக்கணக்கு, அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். இந்த ஊரில் பயப்பட வேண்டிய நிலையில் இருப்பது யார் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

அதிகாரமும் பிரார்த்தனையும் ஒன்று சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கிறிஸ்தவர்களின் வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மேலே சொன்ன ஆறாவது மன்றாட்டு, யூதர்களுக்கானது. பழைய இலத்தீன் வாசகத்தில் யூதர்களைக் குறிக்க "பெர்ஃபிதிஸ்" என்ற சொல் இருந்தது. விசுவாசமற்றவர் என்பதே அதன் மூலப்பொருள் என்று அறிஞர்கள் விளக்கம் சொன்னார்கள். ஆனால் மக்கள் காதில் அது "துரோகி" என்றே விழுந்தது. மற்ற மன்றாட்டுகளுக்கெல்லாம் முழந்தாளிட்டவர்கள், யூதர்களுக்கானதுக்கு மட்டும் பல நூற்றாண்டுகளாக முழந்தாளிடவில்லை. பெயருக்கு இது யூதர்களுக்காகக் கேட்கும் பிரார்த்தனை. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை கோயிலை விட்டு வெளியே வரும்போது மனதில் எதைக் கொண்டு வந்திருக்கும்? ஐரோப்பாவின் பல ஊர்களில் பெரிய வெள்ளி வந்தால் யூதர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த காலம் உண்டு.

பிறகு அவர்கள் அதைத் திருத்தினார்கள். 1955இல் அந்த மன்றாட்டுக்கும் முழந்தாளிடும் வழக்கம் திரும்பி வந்தது. 1959இல் பாப்பரசர் 23ஆம் அருளப்பர் "பெர்ஃபிதிஸ்" என்ற சொல்லையே எடுத்தார். ஜூல்ஸ் ஐசாக் என்று ஒரு பிரெஞ்சு யூத வரலாற்றாசிரியர். மனைவியையும் மகளையும் அவுஷ்விட்ஸில் பறிகொடுத்தவர். இகழ்ச்சியைப் போதிக்காதீர்கள் என்று கேட்டு 1960இல் இதே பாப்பரசரை நேரில் சந்தித்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மற்ற மதங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே இறைவனை வணங்குகிறவர்கள் என்று முஸ்லிம்களை மதிப்போடு குறிப்பிடுவதும் அதே அறிக்கைதான். 1970இல் மன்றாட்டே புதிதாக எழுதப்பட்டது. யூதர்கள் இறைவனின் அன்பிலும் அவனோடு செய்த உடன்படிக்கையிலும் நிலைத்து வளர வேண்டும் என்று கேட்பதாக அது மாறியது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். பழைய முறை வழிபாட்டுக்கு 2008இல் 16ஆம் பெனடிக்ட் எழுதிய வாசகம், யூதர்கள் இயேசுவை ஏற்க வேண்டும் என்று மறுபடியும் கேட்டது. யூத அமைப்புகள் எதிர்த்தன. அந்த விவாதம் இன்னும் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள். தம் மார்க்கம் உண்மை என்ற நம்பிக்கையை அவர்கள் கைவிடவில்லை. தொழுகை மேடையில் நின்று இன்னொரு சமூகத்தைப் பற்றி என்ன சொல்கிறோம் என்று மட்டும் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பரசரே சொல்லை மாற்றினார்.

இப்போது நம்ம மிம்பருக்கு வருகிறேன். கோபம் வரப்போவது இங்கேதான்.

இரண்டாவது குத்பாவின் கடைசியில் ஓதப்படும் துஆவை எத்தனை பேர் விளங்கிக் கேட்கிறோம்? எல்லாப் பள்ளிகளையும் சொல்லவில்லை. பொறுப்போடு ஓதும் கதீப்மார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். ஆனால் சில இடங்களில், எங்கேயோ அச்சான ஏட்டைப் பார்த்து, யஹூதிகளையும் நஸாராக்களையும் மொத்தமாக அழித்துவிடு, அவர்களுடைய பிள்ளைகளை அநாதையாக்கு, பெண்களை விதவையாக்கு என்ற பொருளில் அரபியில் நீட்டி ஓதுகிறார்கள். நாம் கையை உயர்த்தி, கண்ணை மூடி, "ஆமீன், ஆமீன்" என்கிறோம். ஒலிபெருக்கி ஊருக்கே கேட்கிறது.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான், "சேர், நஸாரா எண்டா நம்மட டீச்சரும் சேர்த்தியா?" என்று. இல்லை என்றேன். "அப்ப ஏன் சேர் அப்படிக் கேக்கிறோம்?" என்றான். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மிம்பரில் நிற்பவர்களும், அவர்களை நிறுத்துகிற நிருவாகமும்.

"பலஸ்தீனில் நடப்பதைப் பார்த்தும் துஆ கேட்கக் கூடாதா?" என்று உடனே கேட்பீர்கள். கேளுங்கள். அநியாயக்காரனுக்கு எதிராகக் கேளுங்கள், அநியாயத்துக்கு உள்ளானவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரை இல்லை என்பது நம்ம நபியின் சொல். ஆனால் யாருக்கு எதிராகக் கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள். 2023 ஒக்டோபரில் காஸாவின் புனித போர்ஃபிரியஸ் தேவாலய வளாகத்தில் குண்டு விழுந்தது. உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த பலஸ்தீனக் கிறிஸ்தவர்கள் பலர் செத்தார்கள். "நஸாராக்களை அழித்துவிடு" என்று பொதுவாகக் கேட்டால், அந்தத் துஆவில் குண்டு போட்டவன் இல்லை, குண்டுக்குப் பலியானவன்தான் இருக்கிறான். இதுவா பலஸ்தீனுக்கான ஆதரவு?

நம்ம மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நான் ஆலிம் இல்லை. ஊரில் ஆலிம்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

சூரா பகராவின் 126ஆவது வசனத்தில், இப்ராஹீம் (அலை) மக்காவுக்காக துஆ கேட்கிறார். அங்கே இருப்பவர்களில் அல்லாஹ்வையும் மறுமையையும் ஈமான் கொண்டவர்களுக்குக் கனிகளை உணவாகக் கொடு என்று கேட்கிறார். நிராகரிப்பவனுக்கும் இந்த உலகில் சிறிது காலம் சுகம் கொடுப்பேன் என்று அல்லாஹ் பதில் சொல்கிறான். மறுமைத் தண்டனை வேறு, அதையும் அதே வசனம் சொல்கிறது. ஆனால் உணவில் பிரிவு வைக்க அல்லாஹ் விரும்பவில்லை. நபி ஒருவர் "எங்களவர்களுக்கு" என்று வரையறுத்துக் கேட்ட துஆவை ரப்பே விரித்தான்.

தவ்ஸ் கோத்திரம் மாறு செய்கிறது, அவர்களுக்கு எதிராக துஆச் செய்யுங்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் வந்து கேட்டார்கள். சுற்றி இருந்தவர்கள் தவ்ஸ் அழிந்தது என்றே நினைத்தார்கள். நபியவர்கள் தவ்ஸுக்கு ஹிதாயத் கொடுத்து அவர்களைக் கொண்டுவந்து சேர்க்கும்படி கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அறிவிப்பவர் அபூ ஹுரைரா (ரழி), அவரே தவ்ஸ் கோத்திரத்தவர்.

இன்னும் ஒன்று, எனக்கு மிகவும் பிடித்தது. அபூ தாவூதிலும் திர்மிதியிலும் வருகிறது. யூதர்கள் நபியவர்களின் முன்னால் வந்து வேண்டுமென்றே தும்முவார்களாம், "அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும்" என்ற துஆ கிடைக்கும் என்று. நபியவர்கள், அல்லாஹ் உங்களுக்கு நேர்வழி காட்டி உங்கள் காரியங்களைச் சீராக்கட்டும் என்று பதில் சொல்வார்கள். அந்த யூதர்கள் மதமாற்றச் சதி என்று மகஜர் எழுதவில்லை. நபியின் வாயிலிருந்து வரும் துஆவை ஆசைப்பட்டு வாங்கிப் போனார்கள்.

"நபியவர்கள் குனூத்தில் சபிக்கவில்லையா?" இதுவும் வரும் கேள்விதான். பிஃர் மஊனாவில் எழுபது காரிகளை வஞ்சகமாகக் கொன்ற கோத்திரங்களுக்கு எதிராக ஒரு மாதம் குனூத் ஓதினார்கள். கொலை செய்தவர்கள் மீது, பெயர் குறிப்பிட்டு, ஒரு மாதம். ஒரு மதத்தார் முழுப்பேர் மீதும், வருடம் 52 ஜும்ஆவும் அல்ல. அதோடு ஆல இம்ரானின் 128ஆவது வசனம் ஏன் இறங்கியது என்று புகாரியில் பாருங்கள். ஸஃப்வான் பின் உமையா, சுஹைல் பின் அம்ர், ஹாரிஸ் பின் ஹிஷாம் ஆகிய மூவருக்கு எதிராக நபியவர்கள் கேட்டபோது, அவர்களின் விடயம் உம்மிடம் இல்லை என்று அல்லாஹ் சொன்னான். அந்த மூவரும் பின்னால் இஸ்லாத்துக்கு வந்தார்கள். இன்று நாம் அழிவைக் கேட்கும் ஆளின் நாளைய முகம் நமக்குத் தெரியுமா?

தவ்பா 113ஆவது வசனத்தையும் காட்டுவார்கள். அது நரகவாசி என்று தெளிவான பின் முஷ்ரிக்குகளுக்காக மஃபிரத் கேட்பதைப் பற்றியது. உயிரோடு இருக்கும் அயலவனின் ஹிதாயத்துக்கும் சுகத்துக்கும் கேட்பதைத் தடுக்க அதை எடுக்காதீர்கள்.

ஆக, நாம் அவர்களுக்கு ஹிதாயத் கேட்கிறோம். அவர்கள் நமக்கு அவர்கள் வழியில் அதையே கேட்கிறார்கள். அவர்கள் வழி தவறியவர்கள் என்பது நம்ம நம்பிக்கை, நாம் வழி தவறியவர்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. இதில் ஒரு பக்கம் மட்டும் புண்பட்ட மாதிரி நடிப்பது நியாயமில்லை. ஈஸா (அலை) அவர்களை ஆண்டவராக விளித்துக் கேட்கும் ஜெபத்துக்கு நாம் ஆமீன் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. அகீதா அகீதாதான். ஆனால் ஆமீன் சொல்லாமல் இருப்பதற்கும் அந்த மனுஷியை ஊரை விட்டு அனுப்புவதற்கும் எவ்வளவு தூரம்!

எதை எதிர்க்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்வதாகத் திரிப்பார்கள். தாய் தகப்பனின் அனுமதி இல்லாமல் நம்ம பிள்ளையின் தலையில் கை வைத்து யாராவது ஜெபித்தால் எதிர்ப்போம். ஜெபக் கூட்டத்துக்கு வந்தால் அரிசி, வந்தால் வீடு என்று ஏழ்மையைப் பிடித்து இழுத்தால் எதிர்ப்போம். பாடசாலைக் காலைக் கூட்டத்தில் மற்ற மதப் பிள்ளைகளை வற்புறுத்தினால் எதிர்ப்போம். இதே கோடு நமக்கும் போடப்பட வேண்டும். ஊசியோடு நிற்கும் நோயாளியிடம் நம்ம தஃவா துண்டுப்பிரசுரமும் போகக் கூடாது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய மதமாற்றத் தடைச் சட்டமூலம் கொண்டுவந்தபோது, அது கிறிஸ்தவர்களுக்கு எதிரானது என்று நம்மில் சிலர் பேசாமல் இருந்தார்கள். அப்படி ஒரு சட்டம் வந்தால் முதல் வழக்கு சேர்ச்சுக்கு, இரண்டாவது வழக்கு நம்ம தஃவாவுக்கு.

கடைசியாக, ஏப்ரல் 21. இதைப் பேசாமல் இந்த விடயத்தை முடிக்க முடியாது.

2019இல் பெரிய வெள்ளி ஏப்ரல் 19. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலும் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், கத்தோலிக்க வழிபாட்டு ஒழுங்கின்படி, அன்றைக்கு அந்தப் பத்து மன்றாட்டுகளும் உண்டு. ஏழாவதும் உண்டு. அதாவது அங்கே மண்டியிட்டவர்கள் நமக்காகவும் இறைவனிடம் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்து, நம்ம கலிமாவை வாயில் வைத்திருந்தவர்கள் அந்த இரண்டு கோயில்களுக்குள்ளும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் போய் வெடித்தார்கள். சீயோனில் செத்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள் என்பதை மட்டக்களப்பார் யாரும் மறக்கவில்லை. அடுத்த வருடம், 2020 ஏப்ரல் 12 உயிர்த்த ஞாயிறு வழிபாட்டில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று கர்தினால் மெல்கம் ரஞ்சித் நாடறியச் சொன்னார். நீதி வேண்டும் என்று இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார், கேட்கத்தான் வேண்டும். அதே 2020 டிசம்பரில், நம்ம 20 நாள் குழந்தையின் ஜனாஸாவை எரித்தபோது பொரளை கனத்தை வேலியில் வெள்ளைத் துணி கட்டியவர்களில் கிறிஸ்தவ மதகுருக்களும் இருந்தார்கள்.

இந்தச் சமூகத்தின் ஒரு டீச்சர் நம்ம பிள்ளைக்காக ஜெபித்தேன் என்று சொன்னதற்குத்தான் நாம் மகஜர் எழுதுகிறோம்.

நான் கேட்பது மூன்று விடயங்கள்.

அந்தக் குரல் பதிவை இனி யாரும் அனுப்பாதீர்கள். வந்தால் உங்களோடு நிற்கட்டும்.

மகஜரைக் கிழியுங்கள். கையெழுத்து வைத்தவர்கள் கொண்டு வந்தவரிடமே போய்ப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நம்பிக்கையாளர் சபை கதீப்மார்களோடு ஒரு தடவை உட்காரட்டும். இரண்டாவது குத்பாவில் ஓதப்படும் துஆக்களின் தமிழ்ப் பொருளை எழுதிப் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டட்டும். ஊருக்கே தெரியும்படி தமிழில் ஒட்ட வெட்கப்படும் வரி எதுவோ, அதை அரபியிலும் ஓதாமல் விடட்டும். அநியாயக்காரர்களுக்கு எதிராகவும், அநியாயத்துக்கு உள்ளானவர்களுக்காகவும், நோயாளிகளுக்காகவும், இந்த ஊரில் வாழும் எல்லாருக்காகவும் கேட்க நபியவர்கள் கற்றுத் தந்த துஆக்கள் தாராளமாக இருக்கின்றன.

அந்தப் பலகை வரும்வரை, வெள்ளிக்கிழமை கையை உயர்த்தும்போது பக்கத்தில் இருக்கும் அரபி தெரிந்தவரிடம் ஒரு தடவை கேளுங்கள், இப்போது எதற்கு ஆமீன் சொல்கிறோம் என்று. தெரிந்துகொண்டு சொல்லுங்கள்.